கூரையை வெட்டிய காருக்கு ரூ.14 கோடி! நம்ம ஊரில் வெட்டினால் 6 மாதம் வரை ஜெயில்!

வேலூர்,

லாங் பஜாரில் இன்று ஒரு பழைய அம்பாசடர் கார் நுழைந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "அந்தக் காலத்துல எங்க முதலாளிகிட்ட இருந்த வண்டிப்பா" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அதே காரின் கூரையை அரை அடி வெட்டி இறக்கி, வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, உள்ளே ஒரு பெரிய என்ஜினைத் திணித்து, பளபள பெயிண்டு அடித்து ஓட்டி வந்தால்...?

பஜாரே ஸ்தம்பித்துப் போகும். செல்போனில் படம் பிடிப்பார்கள். கூடவே போலீசாரும் வந்து ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார்கள்!

பழைய காரை வெட்டி, ஒட்டி, அடையாளமே தெரியாமல் மாற்றும் இந்த வேலைக்கு 'ஹாட் ராட்' என்றும் 'கஸ்டம் கார்' என்றும் பெயர். வேகத்துக்காக மாற்றினால் ஹாட் ராட். அழகுக்காக மாற்றினால் கஸ்டம். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு.

அமெரிக்காவில் இது ஒரு கலை. அப்படி வெட்டிய ஒரு கார் 2022-ம் ஆண்டு 19½ லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் 14 கோடி ரூபாய்க்கு மேல்!

நம் நாட்டிலோ இது குற்றம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தாத்தா காலத்துக் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகள் இருக்கத்தான் செய்யும். "இதை ஒரு கலக்கு கலக்கினால் என்ன?" என்று பேரன்மார்களுக்கு ஆசை வருவதும் சகஜம். அவர்கள் வெட்டுமெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

ஏழை வீட்டுப் பையன்கள்

ஹாட் ராட் பணக்காரர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அல்ல. கையில் காசு இல்லாத பையன்கள் செய்த வேலை.

1932-ம் ஆண்டு போர்டு கம்பெனி ஒரு காரை வெளியிட்டது. அதில் 8 சிலிண்டர் என்ஜின். 65 குதிரை சக்தி. அதுவரை 8 சிலிண்டர் என்றால் சீமான்கள் வண்டி. போர்டு அதை சாமானியர் விலைக்குக் கொண்டுவந்தது.

சில வருஷங்களில் அந்தக் கார்கள் பழசாகி, காயலான் கடை விலைக்குக் கிடைத்தன. கலிபோர்னியா மாநிலத்துப் பையன்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள். பானெட்டைக் கழற்றினார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? மிச்சம் இருந்தது நாலு சக்கரம், ஒரு என்ஜின், ஒரு ஸ்டியரிங்!

ஊருக்கு வெளியே பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள் இருந்தன. சிமெண்டுத் தரை போல் சமதளம். அங்கேதான் போட்டி. 1937-ம் ஆண்டு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவத்தில் இருந்து திரும்பிய இளைஞர்கள் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு வந்தார்கள். பைத்தியம் இன்னும் முற்றியது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது.

நடுரோட்டிலும் பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன. ஊரார் சாபம் விட்டார்கள். 1951-ம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். "ரோட்டில் வேண்டாம், தனி இடத்தில் ஓட்டுவோம்" என்பதுதான் அதன் கொள்கை. காலியாகக் கிடந்த விமான ஓடுதளங்கள் பந்தயத் திடல்கள் ஆயின.

500 டாலர் கார்

14 கோடிக்கு விற்ற காரின் கதை சினிமாவை மிஞ்சும்.

பாப் ஹிரோஹட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி இளைஞர் 1951-ம் ஆண்டு மாடல் 'மெர்க்குரி' கார் வைத்திருந்தார். அதை 1952-ல் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற அந்த இரண்டு பேரும் கார் வெட்டுவதில் பெரிய கில்லாடிகள். டெலிவிஷனில் வந்த 'பேட்மேன்' காரை 1966-ல் செய்து கொடுத்தவரும் இதே ஜார்ஜ் பாரிஸ்தான்.

அந்தக் காரை வெட்டித் தள்ளினார்கள். கூரை முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறங்கியது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருந்த தூண் காணாமல் போனது. பக்கவாட்டுப் பட்டை பியூக் காரில் இருந்து வந்தது. பின்விளக்கு லிங்கன் காரில் இருந்து வந்தது. இளம்பச்சை ஒன்று, அடர்பச்சை ஒன்று என இரட்டைப் பச்சை பெயிண்டு.

அடுத்த வருஷம் அதில் காடிலாக் என்ஜினைப் பொருத்தி, லாஸ் ஏஞ்சல்சில் இருந்து இண்டியானாபோலிஸ் வரை 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார் ஹிரோஹட்டா. ஷோகேசில் வைக்கும் பொம்மை அல்ல என்று காட்டினார்!

பிறகு கார் கைமாறியது. மவுசு குறைந்தது. 1959-ம் ஆண்டு அந்தக் காரை விலை கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? ஜிம் மெக்நீல் என்ற பள்ளிக்கூட வயசுப் பையன். விலை வெறும் 500 டாலர்!

அவர் அதை விற்கவே இல்லை. கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன. கார் வீட்டு ஷெட்டில் தூங்கியது. பல வருஷங்கள் கழித்துத் தன் கையாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். 2017-ம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய சரித்திர வாகனப் பதிவேட்டில் அந்தக் கார் இடம் பிடித்தது.

அவர் காலமான பிறகு 2022 ஜனவரியில் கார் ஏலத்துக்கு வந்தது. 19½ லட்சம் டாலர்!

முதல் சொந்தக்காரரான ஹிரோஹட்டாவுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1981-ல் அவர் கொலை செய்யப்பட்டார். துப்பு துலங்கவே இல்லை.

எப்படி வெட்டுகிறார்கள்?

"கூரையை வெட்டுவது என்ன பிரமாதம்? நம்ம டிங்கர் பாய் அரை நாளில் வெட்டிவிடுவார்" என்று நினைக்கலாம். வெட்டுவது அரை நாள்தான். ஒட்டுவதுதான் மாதக்கணக்கு!

காரின் முன்தூண், பின்தூண் இரண்டும் நேராக நிற்பவை அல்ல. உள்நோக்கிச் சாய்ந்தவை. நடுவில் 4 அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை இறக்கினால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. ஒன்று, தூணைச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையைக் குறுக்கே வெட்டி நீளம் கூட்ட வேண்டும். கதவு சட்டத்தையும் அதே கணக்கில் வெட்ட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் கதவு மூடாது. மழை பெய்தால் மடியில் ஒழுகும்.

அடுத்தது கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிம் வைத்து ஒட்டிய 'லேமினேட்டட்' கண்ணாடி என்றால் கவனமாக வெட்டலாம். சூடாக்கிக் கெட்டிப்படுத்திய 'டஃபன்டு' கண்ணாடியில் வெட்டுகத்தி வைத்தால் அவ்வளவுதான். கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்!

வெல்டிங் செய்த இடத்தை மறைக்க வேண்டும். நம் ஊரில் பட்டி போட்டுத் தேய்ப்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் ஈயம் உருக்கி வழித்தார்கள். 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். தெருவில் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதேபோல் சூடுகாட்டித் துணியால் வழிக்கும் கைத்திறன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் காரீயத் தூசியும் புகையும் விஷம். மூச்சில் போனால் நரம்பைப் பாதிக்கும்.

கடைசி வேலை குஷன். வரிவரியாக மடித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் சீட்டு ஹாட் ராடுக்கு அடையாளம். கூலி சல்லிசு என்று கலிபோர்னியாக்காரர்கள் எல்லை தாண்டி மெக்சிகோ நாட்டு டிஜுவானா நகருக்குக் காரை ஓட்டிப்போய்த் தைத்து வந்தார்கள்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிறார்கள். ஆம்பூரில் தைக்கும் ஷூ சீமைக்கெல்லாம் போகிறது. தோலையும் தையலையும் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை!

சோழவரம் தந்த சூரர்கள்

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: சோழவரம்!

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில் உள்ள சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. கலிபோர்னியாவில் நடந்த அதே கதை இங்கேயும் நடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தியது. 1980-கள் வரை சோழவரம் பந்தயம் என்றால் ஊரே திரண்டு போகும்.

வெளிநாட்டில் இருந்து பந்தயக் கார் கொண்டுவருவது அப்போது குதிரைக் கொம்பு. இறக்குமதிக் கட்டுப்பாடு. என்ன செய்தார்கள்? ரோட்டில் ஓடிய பியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்களையே கழற்றினார்கள். பாடியை வெட்டினார்கள். என்ஜினைப் பிரித்துக் கடைந்தார்கள். 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். ஹாட் ராடு என்ற பெயர் மட்டும்தான் இல்லை!

கோவை கரிவரதன் அந்தப் பரம்பரையில் வந்தவர். மாருதி கார் என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை சீட்டு பந்தயக் கார் செய்தார். 'பார்முலா மாருதி' பந்தயம் 1988-ல் பிறந்தது. 2005-ல் பார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் காரில் பழகியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் பலியானார்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது.

மும்பை டிசைனர் திலீப் சாப்ரியாவின் கம்பெனி அம்பாசடரையே ஹாட் ராடாக மாற்றி 'ஆம்பிராட்' என்று பெயர் சூட்டிக் காட்டியதும் உண்டு.

ஆக, கைத்திறனுக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜினை மாற்றிப் போட்ட மேஸ்திரிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பிறகு எங்கே சிக்கல்?

அம்பாசடரின் முதுகெலும்பு

முதல் சிக்கல் காரிலேயே இருக்கிறது.

1932 போர்டு காருக்கு அடியில் தனி சேசிஸ் உண்டு. லாரி மாதிரி. மேலே இருக்கும் பாடியை எப்படி வெட்டினாலும் சேசிஸ் தாங்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான்.

அம்பாசடர் அப்படி இல்லை. 1957-ல் இருந்து 2014 வரை தயாரான அந்தக் காரில் பாடியும் சேசிஸும் ஒன்றே. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. பியட் பத்மினியும் அதே ரகம். கூரையைத் தூக்கிவிட்டு, கீழே கம்பி கொடுத்து பலப்படுத்தாமல் விட்டால், நடுவில் தொய்ந்துவிடும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது கதவு தானாகத் திறந்து கொள்ளும்!

இரண்டாவது சிக்கல் பிரேக். பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். 1,489 சி.சி. என்ஜினுக்கு அது போதும். அதில் இரண்டு மடங்கு சக்தி உள்ள என்ஜினை வைத்துவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால் எமனுக்கு நேரே டிக்கெட் வாங்கியதாக அர்த்தம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்கு ஆகும். இது கணக்கு. யாருக்காகவும் மாறாது.

லாங் பஜாரில் நாலு மடங்கு தூரத்துக்கு எங்கே போவது? முன்னால் தள்ளுவண்டி. பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

கோர்ட்டு சொன்னது என்ன?

2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. கேரளாவில் இருந்து வந்த வழக்கு. கம்பெனி எந்த மாதிரி தயாரித்துப் பதிவு செய்ததோ, அதற்கு மாறாக வாகனத்தின் அமைப்பை மாற்றக்கூடாது என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள்.

அதே 2019-ல் மோட்டார் வாகன சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்!

கவனிக்கவும்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம். கூரை ஒன்று, என்ஜின் ஒன்று என்று விரல் விட்டு எண்ணினால் ஹாட் ராடுக்குக் கை விரல் போதாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு கட்டும் பாரம் சொந்தக்காரர் தலையில் விழலாம்.

எல்லாமே தடையா? இல்லை. காரின் நிறத்தை மாற்றி ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து கொள்ளலாம். பழுதான என்ஜினுக்குப் பதிலாக அதே ரக என்ஜினை அனுமதி பெற்றுப் போடலாம். அங்கீகாரம் பெற்ற கியாஸ் கிட், மின்சார கிட் பொருத்த வழி உண்டு. ஊனமுற்றோர் ஓட்டுவதற்கு வசதியாக மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

அமெரிக்காவிலும் கண்டபடி விட்டுவிடவில்லை. கலிபோர்னியாவில் கையால் கட்டிய கார்களுக்குப் புகைப் பரிசோதனைச் சலுகை வருஷத்துக்கு முதல் 500 வண்டிகளுக்குத்தான். டோக்கன் முறை! ஆனால் ஒன்று: அங்கே கையால் கட்டிய காரைப் பரிசோதித்துப் பதிவு செய்ய ஒரு கதவு இருக்கிறது. தனி ஆள் வெட்டிக் கட்டிய காருக்கு இங்கே அந்தக் கதவு இல்லை.

வெட்டாத காருக்கு மரியாதை

வெட்டாமல் வைத்திருப்பவருக்கு அரசாங்கம் ஒரு பரிசு வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

2021 ஜூலையில் மத்திய அரசு புது விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான கார், மோட்டார் சைக்கிள்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தமிழ்நாட்டில் 'டி.என். வி.ஏ.'!

புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க ரூ.5 ஆயிரம்.

ஒரே நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது.

இந்த நம்பரை வைத்துக்கொண்டு தினமும் கடைக்குப் போய்வர முடியாது. வாடகைக்கும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று போய்வரலாம்.

அதாவது, 1970-க்கு முந்திய அம்பாசடரோ ஹெரால்டோ உங்கள் ஷெட்டில் இருந்தால், அது ராஜமரியாதைக்கு வயசு வந்த வண்டி. கூரையில் ஒரு வெட்டு விழுந்தால் அந்த மரியாதை அன்றோடு போச்சு. வெட்டிய தகட்டை மறுபடி ஒட்டலாம். அசல் என்ற பெயரை ஒட்ட முடியாது.

ஆசை விடவில்லையா?

"இல்லைங்க, வெட்டியே தீருவேன்" என்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பொது ரோட்டில் ஓட்டாமல், கண்காட்சிக்கோ பந்தயப் பாதைக்கோ மட்டும் என்று கட்டுவது. அப்படிப்பட்ட வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பந்தயம் என்றால் அதற்கான கூட்டமைப்பின் லைசென்சும், பாதுகாப்புக் கூண்டும், ஹெல்மெட்டும், பரிசோதனையும் கட்டாயம்.

அதற்கும் நல்ல நிலையில் உள்ள காரை பலி கொடுக்க வேண்டியது இல்லை. அடிப்பாகம் துருப்பிடித்து, பேப்பர் தொலைந்து, இனி ரோட்டுக்கே வராது என்று காயலான் கடையில் எடைக்குப் போகும் பாடிகள் கிடைக்கும். வாங்கும்போது திருட்டு வண்டி இல்லை என்று ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். கலிபோர்னியாப் பையன்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். யாருக்கும் வேண்டாத வண்டியைத்தான் வெட்டினார்கள்.

வெட்டத் தெரிந்தவர் திறமைசாலி. எதை வெட்டக்கூடாது என்று தெரிந்தவர் அதைவிடத் திறமைசாலி. 500 டாலருக்கு வாங்கிய அந்தப் பையன் 60 வருஷத்துக்குக் காரை யாருக்கும் கொடுக்காமல் காத்ததால்தான் விலை 14 கோடி ஆனது.

தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் காரின் ஆர்.சி. புத்தகம் எங்கே இருக்கிறது என்று இன்று ராத்திரியே தேடி எடுத்து வையுங்கள். அதில் உள்ள வருஷத்தைப் பாருங்கள். 50 தாண்டியிருந்தால் டிங்கர் கடைக்குப் போக வேண்டாம், நேராக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள்!